மூர்த்தி சிறிது, பொறுப்பு பெரிது



விளையாட்டைப் பற்றிய ஒரு கலந்துரையாடலில், பார்வையாளர் வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மகன் துப்பாக்கி சுடும் சங்கத்தில் பயிற்சி பெறுகிறான். “தம்பி, தோட்டா என்றால் தோட்டாதானே? இரண்டு பெட்டியும் ஒரே அளவு. ஆனால் ஒன்றுக்கு ஒரு விலை, மற்றதற்குப் பல மடங்கு விலை. இது என்ன நியாயம்?” என்றார். அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. எனக்கோ கையில் இருந்தது அரை நிமிடம். “தரம்தான் காரணம், அம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

வீட்டுக்குப் போன பிறகு மனம் ஒப்பவில்லை. தரம் என்று சொன்னேனே, அந்தத் தரம் எது என்று எனக்கே தெரியாது. நான் துப்பாக்கி வீரன் அல்லன். ஆகவே படித்தேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். இன்றைய உரை அந்த அம்மாவுக்கு நான் பட்ட கடன்.

விளிம்பில் இருக்கும் நெருப்பு

முதலில், எந்தத் தோட்டாவைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். விளையாட்டுத் துறையில் அதிகம் பயன்படுவது .22 லாங் ரைஃபிள் என்னும் சிறு தோட்டா. நீளம் ஏறத்தாழ ஓர் அங்குலம். குறுக்களவு 5.6 மில்லிமீட்டர். அதன் முனையில் உள்ள ஈயக் குண்டின் எடை பொதுவாக 2.6 கிராம்தான்.

இதை ரிம்ஃபயர் வகை என்பார்கள். ‘ரிம்’ என்றால் விளிம்பு. பித்தளைக் கூட்டின் அடிப்பகுதியில் மெல்லிய விளிம்பு ஒன்று மடிந்திருக்கும். அந்த மடிப்புக்குள்தான் தட்டினால் தீப்பற்றும் மருந்து இருக்கிறது. விசையை இழுத்தால் துப்பாக்கியின் ஊசி விளிம்பை நசுக்கும். மருந்து பொறி பறக்கும். உள்ளே இருக்கும் வெடிமருந்து எரிந்து குண்டைத் தள்ளும். பெரிய ரகத் தோட்டாக்களில் இந்தத் தீமருந்து கூட்டின் நடுவில் தனியாக ஒரு சிறு மூடிக்குள் இருக்கும். அவற்றை நடுவில் வெடிக்கும் ரகம் எனலாம்.

இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கதை முழுவதும் இதைச் சுற்றித்தான் நடக்கிறது.

வரவேற்பறையில் பிறந்த விளையாட்டு

கதை பாரிஸ் நகரத்தில் தொடங்குகிறது. லூயி ஃப்ளோபேர் என்ற துப்பாக்கித் தொழிலாளி 1845-ஆம் ஆண்டு ஒரு சோதனை செய்தார். அந்தக் காலத் துப்பாக்கிகளில் வெடிமருந்தைப் பற்றவைக்க, தட்டினால் வெடிக்கும் சிறு செம்பு மூடி ஒன்று உண்டு. அந்த மூடியின் வாயிலேயே ஒரு சிறிய ஈயக் குண்டைச் செருகினார் ஃப்ளோபேர். தனியாக வெடிமருந்தே வேண்டாம். தட்டியதும் மூடியில் இருந்த மருந்தின் வேகத்திலேயே குண்டு பறந்தது.

எதற்காக இதைச் செய்தார்? போருக்கும் இல்லை, வேட்டைக்கும் இல்லை. வசதியுள்ள குடும்பங்கள் வீட்டுக்குள்ளேயே, வரவேற்பறையில் குறி வைத்துச் சுட்டுப் பொழுதுபோக்குவதற்காக! நாம் விருந்தாளிகளுடன் கேரம் ஆடுவதுபோல அவர்கள் குறிசுட்டார்கள். இன்று கேட்டால் நமக்குக் குலை நடுங்குகிறது. ஆனால் ரிம்ஃபயர் தோட்டாவின் பிறப்பே பொழுதுபோக்குக்காகத்தான் என்பது வரலாறு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹோரஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்ற இருவர் இந்த எண்ணத்தை வளர்த்தெடுத்தார்கள். கூட்டுக்குள் சிறிது கரிமருந்தையும் சேர்த்து 1857-ல் ஒரு சுழல் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதற்காக உருவான தோட்டாதான் .22 ஷார்ட். இன்றைக்கும் தயாரிக்கப்படும் உலோகக் கூட்டுத் தோட்டாக்களில் மிகப் பழையது அதுவே.

இதில் ஒரு சோகக் கதையும் கலந்திருக்கிறது. தோட்டாவைப் பின்பக்கமிருந்து செருகும்படி சுழல் உருளையை முழுவதும் துளையிடும் யோசனைக்கு 1855-ல் காப்புரிமை பெற்றவர் ரோலின் வைட் என்பவர். ஸ்மித்தும் வெஸ்ஸனும் ஒரு துப்பாக்கிக்கு 25 காசு வீதம் அவருக்குத் தர ஒப்புக்கொண்டார்கள். ஆனால் காப்புரிமையை மீறுபவர்கள்மீது வழக்குத் தொடுக்கும் செலவு வைட்டின் தலையில். வந்த பணம் பெரும்பாலும் வழக்குகளிலேயே கரைந்துபோனது. உழைத்தவன் ஒருவன், செழித்தவன் வேறொருவன்!

பெரியவை மறைந்தன, சிறியது நிலைத்தது

1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரில் பெரிய அளவு ரிம்ஃபயர் தோட்டாக்களும் பயன்பட்டன. ஸ்பென்சர், ஹென்றி ஆகிய பெயர்பெற்ற துப்பாக்கிகள் அந்த ரகத்தைச் சேர்ந்தவை. ஆனால் அவை நீடிக்கவில்லை. காரணம் அந்த விளிம்புதான். ஊசி நசுக்க வேண்டுமானால் விளிம்பு மெல்லியதாக இருக்க வேண்டும். மெல்லிய கூடு அதிக அழுத்தத்தைத் தாங்காது. ஆற்றலைக் கூட்ட விரும்பியவர்கள் நடுவில் வெடிக்கும் ரகத்துக்கு மாறிவிட்டார்கள்.

பெரிய ரிம்ஃபயர்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. சிறியது மட்டும் நிலைத்தது. செய்வதற்கு மலிவு, சத்தம் குறைவு, தோளில் உதைப்பு இல்லை. கற்றுக்கொள்பவருக்கு வேறென்ன வேண்டும்? 1887-ல் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், அப்போதிருந்த ஒரு நீளக் கூட்டில் சற்றுக் கனமான குண்டைப் பொருத்தியது. அதுவே .22 லாங் ரைஃபிள். அந்தச் சேர்க்கை இன்றளவும் மாறவில்லை. கரிமருந்து போய்ப் புகையில்லா மருந்து வந்தது. அளவு அப்படியே இருக்கிறது.

ஒரு குறை மட்டும் நெடுநாள் தொல்லை தந்தது. அந்தக் காலத் தீமருந்தில் பொட்டாசியம் குளோரேட் என்ற பொருள் இருந்தது. சுட்ட பிறகு அது ஒருவகை உப்பாகக் குழலுக்குள் படியும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் துருவைக் கொண்டுவரும். மாலையில் சுட்டுவிட்டு உடனே கழுவித் துடைக்காமல் விட்டால் குழலின் உட்புறம் பாழ். நம்முடையதைப் போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊர்களில் அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஜெர்மானியர்கள் துருப்பிடிக்க வைக்காத மருந்தில் முன்னோடிகள். அமெரிக்காவில் 1926-ல் ரெமிங்டன் நிறுவனம் ‘கிளீன்போர்’ என்ற பெயரில் அத்தகைய தோட்டாவை விற்றது. அதன் பிறகுதான் சாதாரண மக்களின் துப்பாக்கிக் குழல்கள் நீண்ட ஆயுள் பெற்றன.

வேகம் இருந்தால் போதுமா?

அதே ரெமிங்டன் 1930-ல் அதிவேக .22 தோட்டாவைக் கொண்டுவந்தது. அன்று தொடங்கிய வேகப் போட்டி இன்றும் கடைப் பெட்டிகளின் மேல் பெரிய எழுத்தில் தெரிகிறது. இங்கேதான் அந்த அம்மாவின் கேள்விக்கு விடை இருக்கிறது. விலை உயர்ந்த போட்டித் தோட்டா வேகமானது என்று நான் நினைத்திருந்தேன். உண்மை நேர்மாறானது. அது மெதுவானது!

ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். அதிவேகத் தோட்டா அதைத் தாண்டிப் புறப்படுகிறது. வழியில் காற்றின் தடையால் வேகம் குறைந்து ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. அந்த எல்லையைக் கடக்கும்போது குண்டு தடுமாறுகிறது. பக்கக் காற்றும் அதை அதிகமாகத் தள்ளுகிறது. போட்டித் தோட்டாவோ தொடக்கம் முதலே ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாக, நொடிக்குச் சுமார் 320 முதல் 330 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்த எல்லைப் பிரச்சினையே அதற்கு இல்லை.

விலையை ஏற்றுவது வேகம் இல்லை என்றால் வேறு எது? ஒரே மாதிரியாக இருப்பதுதான். 50 மீட்டர் ரைஃபிள் போட்டியில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். நம் சுண்டுவிரல் நகத்தின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குண்டு இன்னொன்றைவிட நொடிக்கு 10 மீட்டர் வேகம் குறைந்தால், 50 மீட்டர் தொலைவில் அது 7 அல்லது 8 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். வீரர் எந்தத் தவறும் செய்யவில்லை. மூச்சைப் பிடித்தார், குறி சரி, விசை சரி. ஆனாலும் பத்து ஒன்பதாகிறது. தோட்டா செய்த தவறுக்கு அவர் தண்டனை அனுபவிக்கிறார்.

ஆயிரம் தோட்டாக்களை ஒன்றுபோலவே செய்வது எவ்வளவு கடினம்! ஒவ்வொரு விளிம்புக்குள்ளும் ஈரமான தீமருந்தைச் சுழற்றி முழு வட்டத்திலும் பரப்ப வேண்டும். ஓர் இடத்தில் படாமல் போனால், ஊசி அந்த இடத்தில் அடிக்கும்போது தோட்டா வெடிக்காது. கூட்டில் இடும் வெடிமருந்து, குண்டின் எடை, அதன்மேல் பூசும் மெழுகு, எல்லாம் ஒத்திருக்க வேண்டும். இவ்வளவு செய்தும் ஒரு தொகுதி போல மறு தொகுதி அமைவதில்லை. அதனால்தான் போட்டித் தோட்டாப் பெட்டியில் தொகுதி எண் அச்சிடப்படுகிறது.

மாப்பிள்ளை பார்ப்பது போல

இன்னொரு வியப்பு. மிக விலை உயர்ந்த தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொருந்துவதில்லை. சுடும்போது ஒவ்வொரு குழலும் அதற்கே உரிய விதத்தில் அதிர்கிறது. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்த இரண்டு குழல்களுக்குக்கூட ரசனை வேறு. பக்கத்து வீட்டு மாப்பிள்ளை நல்லவர் என்பதற்காக நம் பெண்ணுக்கும் அவரைப் போலவே ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்க முடியுமா?

ஆகவே வீரர்கள் பொருத்தம் பார்க்கிறார்கள். பிரிட்டனின் ஈலி நிறுவனம் பர்மிங்ஹாமில் இதற்கென்றே சோதனைத் தளம் வைத்திருக்கிறது. வீரர்கள் துப்பாக்கியோடு அங்கே போகிறார்கள். குழலை அசையாத பிடியில் பொருத்தி ஒவ்வொரு தொகுதியாகச் சுட்டுப் பார்க்கிறார்கள். எந்தத் தொகுதியின் துளைகள் நெருக்கமாக விழுகின்றனவோ, அதையே கட்டுப்படியாகும் அளவுக்கு மொத்தமாக வாங்கிவிடுகிறார்கள். தீர்ந்துபோனால் அதே தொகுதி மறுபடியும் கிடைக்காது. லாபுவா, ஆர்டபிள்யூஎஸ் நிறுவனங்களின் தோட்டாக்களையும் இப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பொழுதுபோக்காகச் சுடுபவருக்கு அவ்வளவு தூரப் பயணம் வேண்டாம். நான்கைந்து வகைகளில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, தாங்கியின் மேல் துப்பாக்கியை வைத்து, ஐந்து ஐந்தாகப் பல முறை சுட்டுப் பார்த்தால் போதும். வகை மாற்றியதும் முதல் சில குண்டுகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முந்திய தோட்டாவின் மெழுகு குழலில் இருக்கும். பெயரில் .22 இருப்பதாலேயே எல்லாம் ஒன்றாகிவிடாது என்பதும் முக்கியம். 1959-ல் வந்த .22 மேக்னம் வேறு அளவு, வேறு அழுத்தம். குழலில் பொறித்திருக்கும் பெயரும் பெட்டியில் அச்சிட்ட பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

தேர்வு என்பது விளையாட்டைப் பொறுத்தும் அமையும். விரைவுத் துப்பாக்கிப் போட்டியில் ஐந்து இலக்குகளை நான்கே நொடியில் சுடும் சுற்று ஒன்று உண்டு. அங்கே துப்பாக்கி எகிறாமல் இருப்பதே முதல் தேவை. அதனால் 2004 வரை அப்போட்டியில் பழைய .22 ஷார்ட் தோட்டாவையே பயன்படுத்தினார்கள். 2005-ல் விதி மாறி .22 லாங் ரைஃபிள் வந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் விஜய் குமார் வெள்ளி வென்றது இந்தப் புதிய விதியின்கீழ்தான்.

அதே லண்டனில், 1948 ஒலிம்பிக்கில், இப்போட்டியில் தங்கம் வென்றவர் ஹங்கேரியின் கரோலி டக்காச். பத்து ஆண்டுகளுக்கு முன் இராணுவப் பயிற்சியில் கையெறிகுண்டு வெடித்து அவருடைய வலக்கை சிதைந்துவிட்டது. அவர் சுடும் கை அதுதான். யாருக்கும் சொல்லாமல் இடக்கையால் பழகினார். 1948-லும் 1952-லும் தங்கம் பெற்றார். இடக்கையால் முதலிலிருந்து கற்ற அந்த மனிதருக்கு உதைப்பில்லாத சிறு தோட்டா எவ்வளவு துணை நின்றிருக்கும்!

நமக்கும் பெருமை உண்டு. 2018-ல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் விளையாட்டுகளில் சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ 50 மீட்டர் படுத்துச் சுடும் போட்டியில் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைஃபிளில் வெண்கலம் பெற்றார். இரண்டு பதக்கங்களுக்கும் உதவியது அதே 2.6 கிராம் ஈயம்.

கடையில் காலியான அலமாரி

தேர்ந்தெடுத்தாகிவிட்டது. கிடைக்க வேண்டுமே! 2012 டிசம்பரில் அமெரிக்காவின் நியூடவுன் பள்ளியில் ஒருவன் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் சுட்டுக் கொன்றான். சட்டம் கடுமையாகும் என்ற அச்சத்தில் மக்கள் துப்பாக்கியையும் தோட்டாவையும் வாங்கிக் குவித்தார்கள். 2013-லும் அதற்குப் பிறகும் நெடுங்காலம் .22 தோட்டா கடைகளில் காணக் கிடைக்கவில்லை. ஒருவருக்கு இத்தனை பெட்டிதான் என்று கடைக்காரர்கள் வரம்பு வைத்தார்கள். விடியற்காலையில் வரிசையில் நின்று வாங்கி, கூடுதல் விலைக்கு விற்றவர்களும் உண்டு. 500 தோட்டாக்கள் கொண்ட கட்டை அமெரிக்கர்கள் ‘செங்கல்’ என்பார்கள். செங்கல்லுக்குத் தங்கத்தின் மவுசு வந்துவிட்டது! 2020-ல் கொரோனா காலத்திலும் இதே கதை.

ஏன் உடனே அதிகம் செய்ய முடியவில்லை? மறுபடியும் அந்த விளிம்புதான் காரணம். ரிம்ஃபயர் செய்யும் இயந்திரங்கள் தனி. மற்ற தோட்டா செய்யும் இயந்திரத்தில் இதைச் செய்ய முடியாது. நடுவில் வெடிக்கும் ரகத்தில் காலிக் கூட்டுக்குப் புது மூடியும் மருந்தும் இட்டு வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். இதில் விளிம்பு ஒருமுறை நசுங்கினால் அவ்வளவுதான். எளிமையே இதன் பலம், எளிமையே பலவீனம்.

பயிற்சிக்குத் தோட்டா கிடைக்காதபோது முதலில் நின்றுபோவது புதிதாகக் கற்பவரின் பயிற்சி. பீதியில் பதுக்குபவர் அந்தப் பிள்ளையிடமிருந்துதான் பறிக்கிறார்.

விளையாட்டுச் சாமான் அல்ல

மலிவு, சிறியது, சத்தம் குறைவு. இந்த மூன்றும் சேர்ந்து .22 தோட்டாவுக்குப் பொம்மை என்ற பெயரை வாங்கித் தந்துவிட்டன. ஆனால் 1968-ல் ராபர்ட் கென்னடியின் உயிரைப் பறித்தது .22 தோட்டா. 1981-ல் அதிபர் ரீகனைச் சாவின் விளிம்புக்குக் கொண்டுபோனதும் .22 தோட்டா. இலக்கைத் தவறவிட்ட குண்டு ஒன்றரை கிலோமீட்டர்வரை போகக்கூடும். கல்லிலோ தண்ணீரிலோ பட்டால் தெறித்துத் திசை மாறும்.

அமெரிக்காவில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டா வாங்குபவரின் விவரத்தைப் பதிவு செய்யச் சொன்னது. 1986-ல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள். நம் சிங்கப்பூரில் நிலைமை முற்றிலும் வேறு. 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டம் துப்பாக்கியை மட்டும் சொல்லவில்லை. சட்டவிரோதமாகத் தோட்டா வைத்திருந்தாலும் ஐந்து முதல் பத்து ஆண்டு சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. மலேசியாவிலும் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் தோட்டாவுக்கு அனுமதி வேண்டும். வெளிநாட்டுச் சுடுதளத்தில் பொறுக்கிய காலிக் கூட்டைக்கூட நினைவுப்பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள்.

சுடுதளத்துக்குள்ளும் சில கட்டாயங்கள் உண்டு. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திறந்து பார்க்கக் கூடாது. குழலை இலக்கின் பக்கமே வைத்துக் குறைந்தது அரை நிமிடம் காத்திருந்து, பிறகே தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும். தோட்டாவில் இருப்பது ஈயம். ஆகவே கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2019 முதல் வேட்டையில் ஈயத் தோட்டாவையே தடுத்துவிட்டது.

அம்மா, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தோட்டா என்றால் தோட்டாதான், ஆனால் ஒன்றுபோல் ஒன்று இருப்பதற்குத்தான் அந்த விலை. தொடக்கநிலையில் இருக்கும் உங்கள் மகனுக்கு மிக உயர்ந்த பெட்டி தேவையில்லை. அளவான வேகமுள்ள, குழலுக்குப் பொருந்திய, தொடர்ந்து கிடைக்கக்கூடிய ஒரு வகையைப் பயிற்றுநர் தேர்ந்து கொடுத்தால் போதும். துளைகள் சிதறுவது தன் கையாலா, தோட்டாவாலா என்று பிரித்தறியும் நிலையை அவன் எட்டும்போது அந்த விலை உயர்ந்த பெட்டியைப் பற்றிப் பேசலாம்.

அதற்கு முன் அவனிடம் ஒன்று கேளுங்கள். பயிற்சி முடிந்ததும், சுட்டது எத்தனை, மீதி எத்தனை என்று எண்ணிக் கணக்குக் கொடுக்கிறானா? ஆம் என்றால் கவலை வேண்டாம். நல்ல ஆசிரியரிடம்தான் படிக்கிறான்.

அன்று அரை நிமிடத்தில் சொல்லாமல் விட்டதை இன்று சொல்லிவிட்டேன்.